எயிட் பால் மேசையில் எந்தக் கண்ணால் குறி பார்ப்பது?

நேரான அடி. க்யூ என்கிற கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து, அது மோத வேண்டிய இலக்குப் பந்து, அந்தப் பந்து விழ வேண்டிய பாக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. பதறாமல் குனிந்து, நிதானமாக அடிக்கிறீர்கள். பந்து பாக்கெட்டின் இடது ஓரத்தில் முட்டி வெளியே வருகிறது. திரும்ப வைத்து அடித்தால் மறுபடியும் அதே இடது ஓரம். "கை ஆடுது தம்பி" என்பார் பக்கத்தில் நிற்பவர். கை ஆடினால் ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது என்று பந்து சிதறும். எத்தனை தடவை அடித்தாலும் ஒரே பக்கம் தவறுகிறதென்றால் முதலில் கண்ணைச் சந்தேகப்பட வேண்டும். பார்வைக் குறைவைச் சொல்லவில்லை. க்யூவுக்கு மேலே தலையை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்கிறேன்.

மதுரையில் இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் கேரம் ஆடி வந்தவர்கள். அதற்கும் முன்னால் தெருவில் கோலி. இரண்டும் கண்ணுக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் இரண்டும் ஆளுக்கொரு பழக்கத்தைக் கூடவே கூட்டி வருகின்றன. கோலிக்கு ஒரு கண்ணை மூடுவோம். கேரமில் பலகைக்கு முன் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரை மேலேயிருந்து பார்ப்போம். எயிட் பாலில் தாடை க்யூவைத் தொடுகிற அளவுக்குக் குனிய வேண்டும். மேலே நின்று பார்க்கும் கோடு வேறு, அந்தக் கோட்டின் மேலேயே முகத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது வேறு.

நானும் கேரமிலிருந்து வந்தவன்தான். "வலது கைக்காரனுக்கு வலது கண்" என்று நான் பழகிய இடத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பினேன். ஏழெட்டு மாதம் வலது கண்ணுக்குக் கீழே க்யூவை வைத்து ஆடினேன். எனக்கோ ஆதிக்கக் கண், அதாவது குறி பார்க்கையில் மூளை அதிகம் நம்புகிற கண், இடது. அந்த மாதங்களில் கையை, காலை, பிடியைத் திருத்தப் பட்ட பாடெல்லாம் தப்பான இடத்தில் செலவானது. அதனால்தான் புதிதாக வருகிற தம்பிகளிடமும் தங்கைகளிடமும் முதல் வாரத்திலேயே இதைச் சோதித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இரண்டு கண், இரண்டு கோடு

வளர்ந்தவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாக 63 மி.மீ. இருக்கும். எயிட் பால் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கை க்யூவுக்கு நேர் மேலே வைத்துக் குனிந்தால், இடது கண் பந்தின் இடது ஓரத்துக்கு வெளியேயிருந்தும் வலது கண் வலது ஓரத்துக்கு வெளியேயிருந்தும் பார்க்கின்றன. ஒரு கண்கூடக் கோட்டின் மேல் இல்லை. இரண்டு படத்தையும் மூளை சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது. குறி பார்க்கிற வேலையில் மட்டும் ஒரு கண்ணின் படத்தை அது அதிகமாக நம்புகிறது. அதைத்தான் ஆதிக்கக் கண் என்கிறோம்.

ஆள்காட்டி விரலை முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிறுத்தி, விரலை விட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். குனிந்து இலக்குப் பந்தைப் பார்க்கும்போது உங்கள் க்யூவுக்கும் இதேதான் நடக்கிறது. இரண்டு க்யூவில் ஒன்று அழுத்தமாகத் தெரியும், மற்றது நிழல் மாதிரி இருக்கும். மூளை நிழலைத் தள்ளிவிடுவதால் பலர் இதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே அழுத்தத்தில் தெரிகிறவர்கள்தான் பாவம், ஒரு அடிக்கு இதையும் அடுத்த அடிக்கு அதையும் நம்பிவிடுவார்கள்.

ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு ஆதிக்கக் கண் வலது, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடது. வலது கையால் எழுதுகிறவருக்கு இடது கண் அமைவது சர்வசாதாரணம். அது குறையும் இல்லை. ஆதிக்கக் கண்தான் கூர்மையான கண்ணாக இருக்க வேண்டும் என்பதும் கிடையாது.

மொட்டை மாடிச் சோதனை

முதலில் மேசை வேண்டாம். மாடிக்குப் போங்கள். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் தெரிகிற வீடாக இருந்தால் அதன் உச்சிக் கலசங்களில் ஒன்றைக் குறியாக எடுத்துக்கொள்ளலாம். ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையே எதிரில் நிற்கும், ஆனால் மலை பெரிய குறி. அதன் உச்சியில் ஒரு பாறை முனையைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் பத்தடி தள்ளிச் சுவரில் இருக்கிற சுவிட்ச் போதும்.

இரண்டு கையையும் முழுசாக நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தபடி அந்த ஓட்டை வழியாகக் குறியைப் பாருங்கள். இப்போது நண்பர் ஒருவர் ஓர் அட்டையால் உங்கள் ஒரு கண்ணை மறைக்கட்டும், அப்புறம் மற்றதை. எந்தக் கண்ணை மறைத்தால் குறி காணாமல் போகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். நீங்களே ஒரு கண்ணை மூடினால் முகம் சுளித்துத் தலை லேசாக நகர்ந்துவிடும். அட்டை அதற்காகத்தான். ஆள் கிடைக்காவிட்டால், ஓட்டைக்குள் குறியை விடாமல் பிடித்துக்கொண்டே கைகளை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவாருங்கள். கை தானாக ஒரு கண்ணில் வந்து சேரும்.

இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். முகம் குறிக்கு நேராக இருக்கட்டும், ஏனென்றால் பார்வையைப் பக்கவாட்டில் திருப்பினால் சிலருக்கு ஆதிக்கம் மறு கண்ணுக்கு மாறிவிடுகிறது. பத்தில் ஒன்பது ஒரே கண் என்றால் உங்கள் ஆதிக்கம் பலமானது. ஆறு, நாலு என்று வந்தால் பலவீனமானது.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் அந்தக் கண்ணுக்கு நேர் கீழே க்யூவை வைத்து ஆடத் தொடங்குகிறார்கள். இது தப்பு என்று அழுத்திச் சொல்வேன். மாடியில் நிமிர்ந்து நின்று நேராகப் பார்த்தீர்கள். மேசையில் முகத்தைத் தாழ்த்தி, புருவத்துக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறீர்கள். மாடிச் சோதனை எந்தப் பக்கம் தேடுவது என்று மட்டும்தான் சொல்லும். சரியான இடத்தை மேசையில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேசையில் உங்கள் இடத்தைத் தேடுதல்

பார்லரில் மணிக்கணக்குக்குத்தான் காசு. அதனால் கூட்டம் இல்லாத வார நாள் முற்பகலில் போங்கள். ஒரு நூல்கண்டும் நாலைந்து சின்ன ஸ்டிக்கர் பொட்டும் கொண்டுபோங்கள். மேசைத் துணியில் பொட்டு ஒட்டலாமா என்று, மேசைகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எடுக்கும்போது நிதானமாக எடுத்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது.

கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது மாதிரி, மூலைப் பாக்கெட்டின் நடுவிலிருந்து மேசையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலுக்கு நேர் கீழே, பாக்கெட்டிலிருந்து மூன்றடியில் ஒரு பொட்டு, அதற்குப் பின்னால் இரண்டரை அடியில் இன்னொன்று. முன்பொட்டில் இலக்குப் பந்து, பின்பொட்டில் வெள்ளை. இனி இது நேர்கோடா என்ற சந்தேகமே வேண்டாம்.

இப்போது நண்பர் உங்களுக்குப் பின்னால் நின்று, க்யூவை அந்தக் கோட்டின் மேலேயே சரியாக வைத்துக் கொடுக்கட்டும். க்யூவை அசைக்காமல் நீங்கள் அதன் மேல் குனியுங்கள். முகத்தை மட்டும் இடமிருந்து வலமாக, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் க்யூ இலக்குப் பந்தின் இடது பாதியைக் காட்டுவதுபோல் இருக்கும். இன்னோர் இடத்தில் வலது பாதியைக் காட்டும். க்யூ நகரவில்லை, நகர்ந்தது உங்கள் தலைதான். நடுவில் ஓர் இடத்தில் க்யூ, வெள்ளை, இலக்குப் பந்து, பாக்கெட் நான்கும் நூலில் கோத்த மாதிரி நிற்கும். அங்கே நிறுத்துங்கள். க்யூ தாடையில் எங்கே படுகிறது என்று தொட்டுப் பாருங்கள். முகவாய்க்குழியா, அதற்கு இடப்பக்கமா, உதட்டோரத்துக்கு நேர் கீழேயா? எதிர்க் குஷன், அதாவது மேசையின் எதிர் விளிம்பு, மேல் போனை நிறுத்தி முன்பக்கமிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பிறகு தலைகீழாகச் சோதியுங்கள். நீங்களே குனிந்து, தாடையில் அதே இடத்தில் க்யூவை வைத்து, நேராகத் தெரியும்வரை க்யூவைத் திருத்துங்கள். க்யூ உண்மையிலேயே கோட்டில் இருக்கிறதா என்று நண்பர் பின்னாலிருந்து சொல்லட்டும். ஐந்து முறை செய்து ஐந்திலும் அவர் சரி என்றால் இடம் கிடைத்துவிட்டது. வேறொரு நாள் இன்னொரு முறை செய்து உறுதிப்படுத்துங்கள், களைப்பான நாளில் கண் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லும்.

பெரும்பாலோருக்கு இந்த இடம் மூக்குக்கும் ஆதிக்கக் கண்ணுக்கும் இடையே அமையும். சிலருக்குக் கண்ணுக்கு நேர் கீழே. பலமான ஆதிக்கம் இருந்தும் தாடையின் நட்டநடுவிலேயே நேராகத் தெரிகிறவர்களும் உண்டு. எயிட் பால் போலவே க்யூவால் ஆடும் ஸ்னூக்கரில் பழைய சாம்பியன் ஜோ டேவிஸுக்கு வலது கண்ணில் பார்வை மிகக் குறைவு. வலது கைக்காரரான அவர் இடது கண்ணுக்குக் கீழே க்யூவை ஓட்டி ஆடினார். 1927 முதல் 1946 வரை 15 முறை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றார், அந்தப் போட்டியில் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. உங்கள் தாடையில் க்யூ ஒரு பக்கமாகப் படுவதைப் பார்த்து யாராவது "நடுவுல வை" என்றால், அவர் தன் கண்ணுக்குச் சரியானதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு உங்கள் இடத்திலேயே இருங்கள்.

இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் மேலே கண்டுபிடித்ததெல்லாம் மாறிவிடும். கண்ணாடி முன் நின்று க்யூவோடு குனிந்து பார்த்தால் சாய்வு உடனே தெரியும். ஒரு கண்ணை மூடவும் வேண்டாம். ஒற்றைக் கண்ணால் தூரம் சரியாகப் பிடிபடாது, முகத்தின் பாதி இறுகி அந்த இறுக்கம் கழுத்துக்கும் தோளுக்கும் இறங்கும்.

நின்று பார், அப்புறம் குனி

குனிந்த பிறகு குறி தேடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கீழே போய் க்யூவை இப்படி அப்படி ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கோட்டை நின்றுதான் பார்க்க வேண்டும். வெள்ளைக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். வெள்ளை போக வேண்டிய கோட்டின் மேல், கண்டுபிடித்தோமே அந்த இடம், முகத்தின் அந்தப் புள்ளி வர வேண்டும். வலது கைக்காரர் வலது காலைக் கோட்டின் மேல் வைத்து, இடது காலை முன்னால் சற்று வெளியே வையுங்கள். பார்வை குறியை விட்டு அகலாமல், தூக்குக்குண்டு இறங்குவதுபோல முகம் நேராகக் கீழே வரட்டும். பக்கவாட்டிலிருந்து வளைந்து வந்து சேர்ந்தால் கண் வந்த பக்கமே நின்றுவிடும். குனிந்த பிறகு கோடு சரியில்லை என்று தோன்றினால் கையால் சரிக்கட்டாதீர்கள். எழுந்து, பின்னால் போய், முதலிலிருந்து வாருங்கள்.

அடிக்கும் நொடியில் கண் எங்கே இருக்க வேண்டும்? முன்னும் பின்னும் க்யூவை ஓட்டும்போது வெள்ளையையும் குறியையும் மாறி மாறிப் பாருங்கள், க்யூவின் நுனியான டிப் வெள்ளையின் நடுவில்தான் நிற்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள், கடைசிப் பார்வை இலக்குப் பந்தில். அடித்த பின்னும் பந்து விழும் சத்தம் கேட்கும்வரை தலையைத் தூக்காதீர்கள்.

எதைக் குறி பார்ப்பது

கண் சரியான இடத்தில் இருந்தும் பார்க்கிற புள்ளி தப்பாக இருந்தால் பயனில்லை. வெட்டி அடிக்கும்போது, அதாவது இலக்குப் பந்தைப் பக்கவாட்டில் திருப்பி அனுப்பும்போது, அதில் எந்தப் புள்ளி தொடப்பட வேண்டுமோ அந்தப் புள்ளிக்கே வெள்ளையின் நடுவைக் குறிவைப்பது புதியவர்களின் வழக்கம். வெள்ளைக்கும் பருமன் இருக்கிறதே. அதன் நடு அந்தப் புள்ளியை அடையும் முன்பே அதன் பக்கம் முட்டிவிடும். முட்டும் நொடியில் வெள்ளை எங்கே நிற்குமோ அங்கே ஒரு பந்தைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கற்பனைப் பந்தின் நடுதான் உங்கள் குறி. அது தொடுபுள்ளியிலிருந்து பந்தின் பாதி விட்டம், அதாவது 28.5 மி.மீ. அளவுக்கு, பாக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி இருக்கும். முதல் சில நாள் கற்பனை வேண்டாம், உண்மையிலேயே ஒரு பந்தை அங்கே ஒட்டி வைத்து, நின்று பார்த்து, அதை எடுத்துவிட்டு அடியுங்கள்.

ஓர் அடியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன். வெள்ளையின் நடுவை இலக்குப் பந்தின் ஓரத்துக்கு நேராக அனுப்பினால், பாதிப் பந்து மறையும்படி மோதும். இலக்குப் பந்து 30 பாகை திரும்பும், கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் உள்ள அகலம். ஓரம் என்பது கண்ணால் பிடிக்கக்கூடிய குறி, அதனால் இது எளிது. முக்கால் பந்து மோதினால் சுமார் 14.5 பாகை, கால் பந்து என்றால் சுமார் 48.5. கேரம் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஸ்ட்ரைக்கர் பெரிது, காய் சிறிது. இங்கே இரண்டும் ஒரே அளவு.

பந்துகள் உரசும்போது வெள்ளை இலக்குப் பந்தைத் தான் போகிற திசைக்குக் கொஞ்சம் இழுக்கும். மெதுவான அடியிலும், தூசி படிந்த பந்திலும் இது கூடும். ஆகவே நினைத்ததைவிட ஒரு மயிரிழை மெலிதாக வெட்டுங்கள், பந்துகளை அவ்வப்போது துடைக்கச் சொல்லுங்கள்.

தவறு எங்கே என்று கண்டுபிடிப்பது

வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து என்று மேலே சொன்ன பாதிப் பந்து வெட்டுகளை அடித்து, பந்து பாக்கெட்டுக்கு எந்தப் பக்கம் போனது என்று ஒரு தாளில் குறியுங்கள்.

இரண்டு பக்கமும் குறைவாகவே வெட்டுகிறீர்கள் என்றால் கண்ணில் பிழை இல்லை. தொடுபுள்ளிக்கே குறிவைக்கிறீர்கள், அல்லது பந்து அழுக்கு. வலப்பக்கம் வெட்டும்போது குறைவாகவும் இடப்பக்கம் வெட்டும்போது அதிகமாகவும் வெட்டி, இரண்டிலும் பந்து பாக்கெட்டுக்கு இடப்பக்கமே போகிறதென்றால், அது தலை தப்பான இடத்தில் இருப்பதன் அடையாளம். க்யூ நீங்கள் நினைப்பதைவிட வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. எல்லாம் வலப்பக்கமே போனால் இதற்கு நேர்மாறு. ஒழுங்கே இல்லாமல் சிதறினால் கையைக் கவனிக்க வேண்டும்.

கையைச் சோதிக்கக் கோடு போட்ட பந்து ஒன்றை எடுத்து, அதன் பட்டை உங்களுக்கும் எதிர்க் குஷனுக்கும் நேராகச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து, நடுவில் அடியுங்கள். பட்டை ஆடாமல் சக்கரம் மாதிரி உருண்டால் நடுவில் அடித்திருக்கிறீர்கள். தள்ளாடினால் டிப் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. அதற்கும் கண் காரணமாக இருக்கலாம், பந்தின் நடு எது என்பதே உங்களுக்குத் தள்ளித் தெரிகிறது. மேலே சொன்ன நூல் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டு அப்புறம் கையைத் திருத்துங்கள்.

கண்ணாடி போட்டவர்கள்

குனிந்து பார்க்கும்போது பார்வை லென்ஸின் மேல் ஓரம் வழியாகப் போகிறது. சின்ன ஃபிரேம் என்றால் ஃபிரேமின் கம்பியே இலக்குப் பந்தை மறைக்கும். லென்ஸின் ஓரத்தில் கோடு வளைந்தும் தெரியலாம். 1985 உலக ஸ்னூக்கர் இறுதி ஆட்டத்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என்று கடைசிக் கறுப்புப் பந்தில் வென்ற டென்னிஸ் டெய்லர், தலைகீழாக மாட்டியது மாதிரித் தெரியும் பெரிய கண்ணாடியோடுதான் ஆடினார். லென்ஸின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வடிவம். அவ்வளவு வேண்டாம். மூக்கில் உயரமாக உட்காரும் பெரிய ஃபிரேமாகக் கேளுங்கள், ஆட்டத்துக்கு ஒற்றைப் பவர் லென்ஸே நல்லது. படிப்பதற்கும் தூரத்துக்கும் சேர்த்துச் செய்த லென்ஸில் மேல்பக்கம் ஒரு பவர், கீழ்ப்பக்கம் ஒரு பவர். தலை கொஞ்சம் அசைந்தாலும் பந்து வேறு மாதிரி தெரியும்.

இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் என்றாலோ, ஒரு கண் திடீரென்று மங்கினாலோ மேசையில் விடை தேடாதீர்கள். 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது, கண் சோதனைக்கு வெளியூர் போக வேண்டிய நிலை நமக்கு இல்லை. புதுக் கண்ணாடி மாட்டினால் நூல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், இடம் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

வீட்டில் செய்ய

மேசை இல்லாத நாளிலும் தலையைப் பழக்கலாம். தரையில் டைல்ஸ் சேரும் நீளக்கோடு இருக்கிறதல்லவா, அதுதான் உங்கள் நூல். கோட்டின் கோடியில் சுவரோரம் ஒரு பந்தையோ எலுமிச்சம்பழத்தையோ வையுங்கள். க்யூ இல்லாவிட்டால் நேரான மாப் குச்சி போதும். சாப்பாட்டு மேசையின் நீளப் பக்கத்தைக் கோட்டுக்கு இணையாக நகர்த்தி, அதன் மேல் கையை ஊன்றிக் குனியலாம். நின்று பார், காலை வை, இறங்கு, தாடையில் அந்தப் புள்ளியைத் தொடு, எழு. தினம் இருபது தடவை. ஐந்தாவது தடவைக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, திறந்து பாருங்கள். குச்சி கோட்டின் மேல் இருக்கிறதா என்பதே கேள்வி. எனக்கு மூன்று வாரத்தில் தாடை தானாகப் போய் உட்காரத் தொடங்கியது. சிலருக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

மேசைக்குத் திரும்பும்போது முதல் பத்து நிமிடம் நேரான அடி மட்டும் அடியுங்கள். பொட்டு ஒட்டிய அதே இரண்டு இடம், அதே பாக்கெட். பத்தில் எட்டு விழத் தொடங்கியதும் வெள்ளையை ஒரு சாண் பின்னால் தள்ளி வையுங்கள்.